கடைசி பெஞ்சுக்கு வந்த வசனம்

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் கோழிக் குழம்பும் ஒரு சண்டையும் தவறாமல் இருக்கும். சண்டை பெரிய மாமாவுக்கும் எங்கள் சபை பாஸ்டருக்கும். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் தடித்தடியான பைபிள் விளக்கவுரைகளைப் படித்து, யாருக்கு இரட்சிப்பு என்பதைக் கடவுள் உலகத்தைப் படைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். பாஸ்டர் நேர் எதிர்க் கட்சி. கூப்பிடுவது கடவுள் வேலை, எழுந்து வருவது நம் வேலை என்பார். இருவருக்கும் உதாரணம் தேவைப்பட்டபோதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பா கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அம்மாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர். அரசு வேலை. திருவண்ணாமலை தனி மாவட்டமாகி வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்தபோது அவர் அங்கே மாற்றலாகி, நாங்களும் இந்த ஊருக்கு வந்தோம். ஞாயிறுதோறும் அம்மாவோடு சர்ச்சுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். பௌர்ணமிக்கு ஆபீஸ் நண்பர்களோடு மலை சுற்றுவார். ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. கேட்டால், "பாக்கலாம்ங்க" என்பார். இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானஸ்நானம் பெறாதவருக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. ஆனால் அம்மாவின் கவலை அதற்கும் அப்பால் உள்ள இடத்தைப் பற்றியது. "செத்ததுக்கு அப்புறமும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமா?" என்று என்னிடம் கேட்பாள். நான் அப்போதுதான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்திருந்தேன். கணக்கு டீச்சரிடம் கேட்கிற கேள்வியா அது?

"பாவத்துல செத்தவன் எப்படிங்க கை நீட்டுவான்? ஆண்டவரா தூக்கினாதான் உண்டு. மச்சான் பேரு அவர் லிஸ்ட்ல இருந்தா தானா வந்துடுவாரு" என்பார் மாமா.

"எல்லாம் முன்னயே முடிஞ்சிதுன்னா, வாராவாரம் நான் எதுக்குங்க தொண்டை கிழிய கத்தறேன்?" என்பார் பாஸ்டர்.

ஒருநாள் அப்பா எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஊரு பஜனை மடத்துலயும் இதே சண்டைதாங்க. பூனைக்குட்டியை தாயே கவ்விக்கினு போவும். குரங்குக்குட்டி தானே தாயை கெட்டியா புடிச்சிக்கணும். நாம எந்தக் குட்டின்னு ரெண்டு கட்சி. ரொம்ப நாளா தீரல. சாப்பிடுங்க, குழம்பு ஆறுது."

மாமாவும் பாஸ்டரும் ஒருமித்த கருத்துக்கு வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு பேருக்கும் கோபம்.

அம்மா சிரிக்கவில்லை. மாமா சொல்வது சரி என்றால் அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பாஸ்டர் சொல்வது சரி என்றால் அப்பா மனம் வைக்க வேண்டும். அவர் வைப்பதாகத் தெரியவில்லை. ஆக, அம்மா மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தாள்.

புத்தாண்டுக் காலை ஆராதனையில் எங்கள் சபையில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். ஒரு சீட்டில் ஒரு வசனம். சுருட்டி, நூல் கட்டி, தட்டில் போட்டு பெஞ்சு பெஞ்சாக அனுப்புவார்கள். கைக்கு வந்ததுதான் அந்த வருடத்துக்குக் கடவுள் நமக்குச் சொன்னது. சீட்டு தயாரிப்பது பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொறுப்பு, அதாவது அம்மாவின் பொறுப்பு, எழுதுவது நான். கடைசி பெஞ்சு வருவதற்குள் தட்டு காலியாகிவிடும் என்பதால், மறுபடி நிரப்பவென்று ஒரு துணிப்பை தனியாக இருக்கும். அந்த வருடம் அந்தப் பைக்கு மட்டும் அம்மா ஒரே வசனத்தைப் பன்னிரண்டு சீட்டில் எழுதச் சொன்னாள். வீட்டோடு சேர்ந்து வந்துவிடு என்று ஒரு குடும்பத் தலைவனை அழைக்கிற வசனம். எனக்கு விளங்கிவிட்டது. ஒன்றும் கேட்காமல் எழுதினேன். கேட்டிருக்க வேண்டும்.

எல்லாம் திட்டப்படியே நடந்தது. அப்பா சீட்டைப் பிரித்தார், படித்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது "உங்களுக்கு என்ன வசனம் வந்துச்சு?" என்பதுதான். கடைசி பெஞ்சில் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே வசனம். அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. நல்லவேளை, அப்பா அன்றைக்கு வழக்கமில்லாத வழக்கமாக மற்ற இருவரையும் டீ குடிக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது.

ஈஸ்டருக்கு முன்பு அப்பா பாஸ்டரிடம் போய், அந்தச் சீட்டைக் காட்டி, ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இரண்டு வெற்றி விழாக்கள். "தட்டுல எத்தனை சீட்டு இருந்துச்சு? அது எப்படி அவர் கைக்கே போச்சு?" என்றார் மாமா. "சீட்டு எல்லாருக்கும்தான் போச்சு. மனசு வெச்சது அவர்தானே" என்றார் பாஸ்டர். அம்மா தலை நிமிராமல் ரசம் ஊற்றினாள்.

கீழ்பென்னாத்தூர்ப் பெரியப்பா அதன்பிறகு ஆடி மாதக் குலதெய்வப் பொங்கலுக்கு அப்பாவை அழைக்கவில்லை. அப்பா அதைப் பற்றி எதுவும் பேசியதில்லை. ஆடி மாதத்தில் மட்டும் கொஞ்சம் கம்மியாகச் சாப்பிடுவார். பௌர்ணமி நடையும் நின்றது. அம்மா அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சீட்டுத் தயாரிக்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டாள். புத்தாண்டுத் தட்டு அவளிடம் வந்தால், எடுக்காமல் பக்கத்தில் நகர்த்திவிடுவாள். "கள்ளச் சீட்டுல வந்தவரை கர்த்தர் சேர்த்துக்குவாரா?" என்று வருடத்துக்கு ஒரு முறையாவது என்னிடம் கேட்பாள். அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலூட்டும். பாதிக் குற்றம் என் கையெழுத்தில் இருந்தது.

பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அப்பா இருதய நோயோடு ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில் ஒரு பகல், அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம், எனக்குப் பொறுக்கவில்லை. சீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார் அப்பா. "ரெண்டு பக்கமும் எட்டிப் பாத்தேன். மூணும் ஒண்ணு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? வெளிய போய்ப் பேசிடப் போறாங்கன்னுதான் அவங்களை டீக்கு இழுத்துக்கினு போனேன்."

"அப்புறம் ஏம்ப்பா ஞானஸ்நானம் எடுத்தீங்க?"

"பொய்யே சொல்லாதவ, சாமி விஷயத்துலயே துணிஞ்சிட்டா. அதுக்கு மேல எப்படிம்மா ஒக்காந்திருக்கறது?"

அப்பாவைக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம். பக்கத்தில் அம்மாவுக்கு இடம் விட்டிருந்தது. ஒரு வாரம் கழித்து, பாரம் இறங்கட்டும் என்று நினைத்து, அப்பா சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அவர் ஏமாறவில்லை, தெரிந்தேதான் வந்தார் என்றேன்.

அம்மா, "அப்போ எனக்காக வந்தாரா, கர்த்தருக்காக வந்தாரா?" என்றாள்.

பாரத்தை இறக்கப் போய் வேறொன்றை ஏற்றிவிட்டேன். முன்னறையில் மாமா உட்கார்ந்திருந்தார். பாஸ்டரும் துக்கம் விசாரிக்க வந்திருந்தார். இத்தனை வருடம் இதையே பேசியவர்கள். கேட்டிருந்தால் ஆளுக்கு ஒரு மணி நேரம் சொல்லியிருப்பார்கள். மாமாவை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அவங்க எதுக்கு?" என்றாள் அம்மா. "நான் அங்க போய் அவர்கிட்டயே கேட்டுக்கறேன்."

அப்பா அங்கே இருப்பாரா என்று அவள் கேட்கவில்லை. அத்தனை வருடங்களில் அதுதான் முதல் முறை.