ஹெலனின் முறை

பியூலா மிஸ் இடைக்கால ஆங்கிலக் கதைத் தொகுப்புகளைக் கரைத்துக் குடித்து, வருஷக்கணக்கில் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் புகட்டியவள். கதைகளை மட்டும் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கதையச் சுத்தி இன்னொரு கதை இருக்குல்ல, அதப் பாருங்க" என்பாள். யாத்திரை போகிறவர்கள் வழியில் ஒன்று சேருவார்கள். ஒருவன் தலைமை ஏற்று முறை வைப்பான். ஆளுக்கொரு கதை. ஒருத்தன் தன் கதையில் இன்னொருத்தனைக் குத்துவான்; குத்துப்பட்டவன் தன் முறை வந்ததும் திருப்பிக் கொடுப்பான். கேட்டால், நான் எங்கே சொன்னேன், கதையில் வருகிறவன் அல்லவா சொன்னான் என்று கைகழுவிவிடலாம். அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் வேலை போயிற்று. டீச்சர் புத்தி போகுமா? லிங்கராஜபுரத்து வீட்டிலிருந்து டயாலிசிஸுக்குப் போகிற இடத்திலும் முறை வைத்துவிட்டாள். ரத்தம் மெஷினுக்குள் போய்த் திரும்புகிறவரை பொழுது போகவேண்டுமே. பக்கத்துக் கட்டில் சந்திரசேகரன், ஹெப்பகோடியில் ஃபிட்டராக இருந்தவர், பேய்க்கதையாக அளப்பார். துணைக்கு வரும் தங்கை ஹெலன் மட்டும், "எனக்குக் கதையெல்லாம் வராதுக்கா" என்று நழுவிவிடுவாள்.

ஹெலன்மேல் பியூலாவுக்கு ஆறாத கோபம். கிட்னி தருகிறேன் என்று தானாக வந்து சொன்னவள், டெஸ்ட் எல்லாம் எடுத்தபின், வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார் என்று பின்வாங்கிவிட்டாள். பியூலாவுக்குத் தர வேறு ஆளில்லை. இத்தனைக்கும் ஹெலன் அத்திபெலேயிலிருந்து பஸ் மாறி வந்து ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அதுதான் பியூலாவை இன்னும் எரித்தது. நேரே கேட்க வாய் வரவில்லை.

அன்று தன் முறையில் சொன்னாள். ஒரு ராஜாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பார்வை போயிற்று. என் கண்ணில் ஒன்றைத் தருகிறேன் என்று இளையவள் சத்தியம் செய்தாள். பிறகு புருஷன் பேச்சைக் கேட்டு மாட்டேன் என்றாள். ஆனால் அக்காவைக் கையைப் பிடித்துத் தினமும் நடத்திப் போனாள்.

"ஊரே அவள மெச்சிச்சு. அவ கண்ணு ரெண்டும் பத்திரமா இருந்துச்சு" என்று முடித்தாள் பியூலா.

சந்திரசேகரன் உச்சுக்கொட்டினார். பியூலா தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. சொன்னது கதைதானே.

"அடுத்தது நான் சொல்றேன்" என்றாள் ஹெலன்.

"அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. ராஜா வீடு இல்ல, சாதாரண வீடு. அக்காவுக்குக் கிட்னி குடுக்கத் தங்கச்சி டெஸ்டுக்குப் போனா. உன்னுதும் கெட ஆரம்பிச்சிருக்கு, நீ யாருக்கும் குடுக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இத அக்காகிட்ட சொன்னா அவ உடைஞ்சுபோவா, டயாலிசிஸே வேணாம்னுடுவா. என்மேல பழியப் போடுன்னு வீட்டுக்காரரு சொன்னாரு. அப்படியே செஞ்சா. கோவத்துலயாவது அக்கா உசுரோட இருக்கட்டும்னு."

பியூலாவுக்கு, தான் சொன்ன கதையைத் திரும்ப விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது. தங்கையைத் தொடப் போனாள். ஊசி ஏற்றிய கை, அசைக்கக் கூடாது.

சந்திரசேகரனுக்கு ஒன்றும் தெரியாது. "நல்ல கதைம்மா. அப்புறம் அந்த அக்கா என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒண்ணும் சொல்லலண்ணா" என்றாள் ஹெலன். "இப்பத்தான் கதையக் கேட்டா."