பஸ்ஸில் ஏறாத கல்

ஒவ்வொரு தை அமாவாசைக்கும் எங்கள் தெருவிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஒரு பஸ் போகும். சின்னமனூரில் கிளம்பும் அந்தப் பஸ்ஸுக்குப் பதினெட்டு வருடம் பட்டியல் எழுதியவள் நான். யாருக்கு எந்த இருக்கை, யாருக்கு வாந்தி வரும், எத்தனை அண்டா, எத்தனை வாளி, எத்தனை சாக்கு என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும். திரும்பும்போது ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட்டு, "சரி, போகலாம்" என்று நான் சொன்ன பிறகுதான் டிரைவர் வண்டியை எடுப்பார். ஒரு முறைகூட ஒரு கரண்டி தவறியதில்லை.

இந்தப் பயணத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கடலில் குளித்து, திதி கொடுத்து முடித்ததும் வீட்டுக்கு ஒரு மிதக்கும் கல் வாங்கிக்கொள்வோம். வெள்ளையாக, தேன்கூடு போலத் துளை துளையாக இருக்கும். வேறு ஊர்க்காரர்கள் அதைப் பூஜையறையில் உருளித் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். நாங்கள் கிணற்றில் போடுவோம். கல் மிதக்கிற கிணற்றில் தண்ணீர் கீழே இறங்காது என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. கிணறு இல்லாதவர்கள் மொட்டை மாடி டேங்கில் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். நான்கு கற்கள். எந்தத் தேதியில் போட்டேன் என்பது டைரியில் இருக்கிறது. அவற்றில் மூன்று எந்தத் தேதியில் மூழ்கின என்பதும் இருக்கிறது. துளைகளில் அடைபட்ட காற்று போய்த் தண்ணீர் புகுந்தால் கல் மூழ்காமல் என்ன செய்யும்? தெருவில் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். தீட்டுள்ள கை தண்ணீர் மொண்டுவிட்டதாம்.

நான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். எங்கள் ஆய்வகத்திலும் அதே போன்ற துளைக் கல் ஒன்று, பவளம், இருந்தது. நான் வேலையில் சேர்ந்த வாரம் அதைக் கருங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் நடுவில் வைத்து, அழகான கையெழுத்தில் 'பாறைகள்' என்று சீட்டு ஒட்டினேன். இருபது வருடங்களுக்கு மேல் அது அங்கேயே இருந்தது. ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மூன்று வருடங்களுக்கு முந்தைய பயணத்தில் பஸ் கடற்கரையோரம் பழுதாகி அரை நாள் நிற்க வேண்டியதாயிற்று. அருகே வனத்துறையின் கண்ணாடித் தரைப் படகு இருந்தது. பொழுது போக ஏறினேன். கண்ணாடிக்குக் கீழே இருந்த பவளம் நான் அறிந்த வெள்ளையில் இல்லை. பழுப்பும் பச்சையும் மங்கின ஊதாவுமாக, காலிபிளவர் தோட்டம் போலத் தரை முழுவதும் பரந்து கிடந்தது. மீன்கள் அதன் இடுக்குகளில் புகுந்து புறப்பட்டன. ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைத் திட்டு. "அது போன கோடைல செத்ததும்மா. தண்ணி சூடாச்சுன்னா வெளுத்துப் போகும், அப்புறம் சாகும்," என்றார் படகோட்டி. ஒவ்வொரு துளையும் ஒரு சின்ன உயிர் இருந்த வீடு என்றும் சொன்னார். நான் டேங்கில் போட்டு வைத்திருந்தது என்ன என்று அப்போது விளங்கியது.

கரைக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், கடலில் பாசி எடுக்கிறவர். என் ஊரை விசாரித்தார். சொன்னதும் சிரித்தார்.

"மலையடிவாரத்துல இருந்து வந்து கல்லு வாங்கிட்டுப் போறது நீங்கதானா?"

"வாங்குவோம்," என்றேன்.

"எதுத்தாப்புல இருக்க தீவுப் பக்கம் நாங்க முங்கிப் பொழச்ச எடம். இப்பப் போனா பாரஸ்ட்டுக்காரக கேசுங்கிறாக. எங்களுக்குக் கோவந்தான். ஆனா பவளம் போயிருச்சுன்னா மீனு ஒதுங்காது, அலை நேரா எங்க வீட்டு வாசலுக்கு வந்துரும். அது தெரியும், அதனால விலகி நிக்கிறோம். எங்கள நிறுத்திப்புட்டாக. உங்க பஸ்ஸுல சாக்குச் சாக்காக் கல்லு போகுதே, அத யாரு நிறுத்துறது?"

அவர் கேட்டதை அன்றே டைரியில் எழுதினேன். ஊர் திரும்பியதும் ஆய்வகத்துப் பவளத்தை எடுத்து விலங்குகள் அலமாரியில் வைத்தேன். தெருவில் சொல்ல மூன்று வருடம் ஆயிற்று. அந்தத் தயக்கத்துக்கு நான் சமாதானம் எதுவும் எழுதி வைக்கவில்லை.

இந்த வருடம் நோட்டின் முதல் வரியாக எழுதினேன்: பஸ்ஸில் கல் ஏறாது.

பெயர் கொடுக்க எல்லோரும் கூடுவது என் அண்ணன் வீட்டில். அவருக்குத் திராட்சைத் தோட்டம். இந்தப் பயணத்தை ஆரம்பித்தவரும் அவர்தான். முதல் வரியை அவர் உரக்கப் படித்தார்.

"நம்ம மேகமலைக் காட்டுக்குப் போனா செக்போஸ்ட்ல பையக் கொட்டிக் காட்டச் சொல்றாக. கடலுக்கும் இப்பக் காவல் போட்டாக. என் கூடப் பொறந்தவ பஸ்ஸுக்குள்ளயே ஒரு செக்போஸ்ட்டு போட்டுட்டா."

கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சொன்னேன்: "மேல காட்ட அழிய விட்டா கீழ ஓடையில தண்ணி வராதுன்னு போன மாசம் வெவசாயச் சங்கக் கூட்டத்துல பேசுனது யாரு? மலைக்குப் பேசுன வாயி கடலுக்கு ஏன் மாத்திப் பேசுது?"

"மலை நம்ம மலை."

"அப்பக் கல்லு யாரு கல்லு?"

அண்ணன் காபி ஆறிவிட்டது என்று மதினியிடம் கோபித்துக்கொண்டார்.

அவருடைய கோபத்துக்கு வேறு காரணம் இருந்தது. இந்த வருடம் அவர் கிணறு மிகவும் இறங்கியிருந்தது. பந்தலில் ஒரு பக்கத்துக் கொடி காய ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை விட்டு அந்தக் கிணற்றை அளப்பவள் நான். தனக்கு எண்ணிக்கை நிற்காது என்று அவரே என்னை அளக்கச் சொன்னார். எல்லோரும் போன பிறகு வாசலில் என்னை நிறுத்தினார்.

"உன் நோட்டு என் கெணத்துக்குத் தண்ணி கொண்டாருமாத்தா?"

"கல்லும் கொண்டாரலண்ணே. கல்லு போட்ட மறு மாசம் ரெண்டு முழம் எறங்குச்சு. அதுவும் நோட்டுல இருக்கு."

"எல்லாத்தையும் எழுதிவைக்கிறவ கூடப் பொறந்தா மனுசன் எதைத்தான் நம்புறது," என்றார். அவர் குரலில் கேலி இல்லை. அதைக் கேட்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் முதல் வரியை அடிக்கவில்லை.

பயண நாளில் என் டேங்கிலிருந்த நான்கு கற்களையும் செய்தித்தாளில் சுற்றிப் பையில் எடுத்துக்கொண்டேன். அண்ணன் பார்த்துவிட்டார். "கல்லு ஏறாதுன்ன பஸ்ஸுல மொதக் கல்லே உன் பையிலதான் ஏறுது," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

"போற தெசைக்கு ஏறலாம். வர்ற தெசைக்குத்தான் ஏறாது," என்றேன்.

காலையில் குளியலும் திதியும் முடிந்ததும் தனியாகப் போய் வனத்துறை அலுவலகத்தில் கற்களைக் கொடுத்தேன். பவளத்தை வைத்திருப்பதே குற்றம் என்று தெரிந்துதான் போனேன். என் பெயர், ஊர், எந்தெந்த வருடம் வாங்கினேன் என்பதை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரை வேண்டும் என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையைச் சொறிந்தார். "எடுத்துட்டுப் போறவங்களப் பிடிக்கத் தெரியும்மா. கொண்டாந்து குடுக்கிறவங்களுக்கு என்ன ஃபார்ம்னு எனக்கே தெரியல. எங்க வேல பாக்குறீங்க?"

"பள்ளிக்கூட ஆய்வகத்துல."

"அதான பாத்தேன்," என்று முத்திரை குத்தினார். "இதுக்கு மேல வாங்காம இருந்தாப் போதும்."

மதியம் மண்டபம் தாண்டிச் சாலையோர நிழலில் சாப்பாடு. முடிந்ததும் வழக்கம்போல நோட்டை எடுத்தேன். அண்டா மூன்று. வாளி ஐந்து. அரிசி கொண்டுவந்த சாக்கு இரண்டு, காலியாக மடித்து இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

"சாக்கு ஒன்னு கொறையுது."

"காத்துல பறந்திருக்கும்," என்றார் அண்ணன் தன் இருக்கையிலிருந்தே.

கடைசி இருக்கைக்கு அடியில் சாக்கு இருந்தது, வாய் கட்டி. அவிழ்த்தேன். ஒரு பானை அளவு பவளம். மேலெல்லாம் மூளை மடிப்பு போல வரிகள். கரையில் ஒதுங்கிக் காய்ந்த கல்லில் வாடை இருக்காது. இதில் அழுகின மீன் நாற்றம் அடித்தது. வரிகளுக்குள் கொழகொழப்பு இன்னும் காயவில்லை. உயிரோடு பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிது கடையில் கிடைக்காது; சாக்கு பறந்திருக்கும் என்ற என் அண்ணன்தான் ஃபோனில் முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்கியிருக்கிறார்.

சாக்கை இழுத்து வந்து படிக்கட்டுப் பக்கம் வைத்தேன்.

"இது ஏறாது. இது ஏறுனா நான் ஏறல."

டிரைவர் என்ஜினை அணைத்தார். உள்ளே நல்ல புழுக்கம். "ஒரு கல்லுதானத்தா, கழுதை, கெடந்துட்டுப் போகட்டும்," என்றது ஒரு குரல். "நாப்பது பேரு வேகுறோம், நீங்க அண்ணன் தங்கச்சி வழக்க ஊருல போய் வச்சுக்கங்க," என்றது இன்னொன்று.

அண்ணன் எழுந்து வந்தார். "எல்லாரும் சாப்பிடுறப்ப அந்தா அந்தத் திருப்பத்துல போய் வாங்கிட்டேன். போன உசுரு திரும்பி வராதுல்ல? அப்புறம் எதுக்கு இத இங்கன போட்டுட்டுப் போகணும்?"

"வாங்க ஆளு இருக்குன்னுதான் பேத்து எடுக்குறான். நீ இதக் கெணத்துல போட்டா அடுத்த வருசம் தெருவே இதே அளவுல கேக்கும். இது மிதக்கக்கூட மிதக்காதுண்ணே."

மதினி கீழே இறங்கினார். பொறுமை போன முகம். "எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டணும். வித்தவன் கிட்டயே குடுத்துட்டு வந்துர்றேன், விடு," என்று சாக்கைப் பிடித்தார்.

எல்லோருக்கும் அது நல்ல வழியாகப் பட்டது. எனக்குப் படவில்லை. "அவன் அடுத்த பஸ்ஸுக்கு விப்பான், மதினி. ஆபீசுல குடுத்துட்டு வர்றேன். ஒரு மணி நேரம் ஆகும்."

"ஒரு மணி நேரமெல்லாம் நிக்க முடியாது," என்றார் அண்ணன். என்னைப் பார்க்காமல் டிரைவரிடம், "எடுப்பா," என்றார்.

டிரைவர் என் பக்கம் பார்த்தார். பதினெட்டு வருடப் பழக்கம். நோட்டைப் புரட்டி, இரண்டாவது சாக்குக்கு எதிரே டிக் போட்டேன். என் பெயருக்கு எதிரே 'இறங்கினார்' என்று எழுதினேன். மறுபடி ஏறி உட்கார்ந்துவிட்ட மதினியிடம் ஜன்னல் வழியாக நோட்டைக் கொடுத்துவிட்டு, "சரி, போகலாம்," என்றேன். பஸ் போய்விட்டது.

பாரமான கல். இரண்டு இடத்தில் இறக்கி வைத்து, ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து அதே அலுவலகத்துக்குப் போனேன். காலையில் முத்திரை குத்தியவர் சாக்கைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். இரண்டு பிரதியிலும் ஐந்தாவது வரியாக இதையும் சேர்த்தேன். யார் வாங்கியது என்ற இடத்தில் 'எங்கள் பஸ்' என்று எழுதினேன். விற்றவன் நின்ற இடத்தைத் தனித்தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். பிறகு பஸ் மாறி மாறி, மறுநாள் ஊர் வந்து சேர்ந்தேன்.

பட்டியல் நோட்டு இப்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கிறது. நான் கெட்டுப்போனேன் என்று தெருவில் சொல்கிறார்கள். சாமி காரியத்தில் சட்டம் பேசலாமா என்கிறார்கள். பேசலாம். கண்காணாத ஊரில் பாசி எடுத்துப் பிழைத்த ஒருத்தி தன் கடலை விட்டு விலகி நிற்கும்போது, கிணற்றில் போட்டு வேடிக்கை பார்க்க நமக்கு அதில் பங்கு கிடையாது. கடலில் சில இடங்கள் யார் கையும் படாமல் மூடியே இருக்கட்டும். மேகமலையில் காட்டை மூடி வைத்தால்தான் ஓடையில் தண்ணீர் வரும் என்று ஒப்புக்கொண்ட ஊர் இது. அதே நியாயத்தைத் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்துக்கும் கேட்கிறேன். அடுத்த தை அமாவாசைக்கு நான் பெயர் கொடுப்பேன். சேர்க்காவிட்டால் லைன் பஸ்ஸில் போய், அவர்கள் பஸ் திரும்பக் கிளம்பும் இடத்தில் சாக்குகளை எண்ண நிற்பேன்.

அண்ணன் என்னோடு பேசவில்லை. ஆனாலும் மாதத்தின் முதல் தேதி நான் கயிற்றோடு அவர் தோட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. அவரும் வராதே என்று சொல்லவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பந்தலில் ஏதாவது கட்டிக்கொண்டிருப்பார். இந்த மாதம் கயிற்றை மேலே இழுத்து, ஈரமான முடிச்சிலிருந்து எண்ணி முடித்தபோது, திரும்பாமலே கேட்டார்.

"எத்தனை?"

"போன மாசத்துக்கு ஒரு முழம் கீழ."

சற்று நேரம் கொடியைக் கட்டினார். "அந்தக் கல்லு இருந்திருந்தா..."

"இருந்திருந்தாலும் ஒரு முழம் கீழதாண்ணே," என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே தேதி போட்டு எழுதினேன்.