குடம் தளும்பிய ஜீப்

பட்டை ஸ்பிரிங்கில் முதுகு போகிறதென்று, என் பழைய ஜீப்பின் முன்பக்கம் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங் மாட்டினேன். சவாரி பஞ்சு மெத்தையானது. அந்தப் பெருமையோடு, கோயில் விழாவுக்காகக் கொடுமுடிக்குப் போய்க் காவிரித் தீர்த்தம் எடுத்து வந்தோம்.

வழியில் ஸ்டியரிங்கைத் திருப்பியபோதெல்லாம் குடங்கள் தளும்பி, பின்னால் இருந்த பெண்கள் நனைந்தார்கள்.

"ஏனுங்க, மொதல்ல வண்டி ஒதுங்குது, அப்புறந்தா சக்கரம் திரும்புதுங்க," என்றாள் மடியில் குடத்தோடு என் மனைவி.

அப்போதுதான் உறைத்தது. பட்டை ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்கியதோடு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமலும் பிடித்திருந்தது. காயில் தாங்கும், பிடிக்காது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸையும் ஆக்ஸிலையும் குறுக்கே இணைக்க டிராக் பார் என்ற இரும்புத் தண்டு வேண்டும். மெதுவாக ஊர் சேர்ந்து, மறுநாளே மாட்டினேன்.

அடுத்த விழாவுக்குத் தீர்த்தம் எடுத்து வந்தபோது ஒரு சொட்டும் சிந்தவில்லை. அபிஷேகம் முடிந்ததும், மிச்சத் தீர்த்தத்தை அள்ளி என் முகத்தில் அடித்தாள் மனைவி.

"போன வருசம் நாங்க நனைஞ்சமுங்க. இந்த வருசம் நீங்க!"

வீடு வரும்வரை நான் முகத்தைத் துடைக்கவே இல்லை.