ஒரே நேரத்தில் அறுந்த இரண்டு லைன்கள்

செட்டியார்பட்டித் தவசிமுத்து ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கிளார்க்காக இருந்தார். வெளிநாட்டு வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். ஆபீசில் பத்து வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவருக்குக்கூட, அவருக்குக் காப்பி பிடிக்குமா டீ பிடிக்குமா என்று தெரியாது.

தொண்ணூற்றெட்டாம் வருஷக் கடைசியில் கம்பெனிக்கு இன்டர்நெட் வந்தது. டெலிபோன் லைனில் மோடத்தை மாட்டினால் அது கொஞ்ச நேரம் கீச்சிட்டு, இரைந்து, பிறகு அமைதியாகும். அந்த அமைதி வந்தால் தொடர்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சாயங்காலம் கடைசி ஈமெயில் போன பிறகு, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, தவசிமுத்து ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றில் நாலே வரியில் வந்த குறிப்பைப் பார்த்து ஒரு விளையாட்டைப் பிடித்திருந்தார்.

அந்த விளையாட்டில் படமே கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. ‘நீ ஓர் ஈரமான குகைக்குள் நிற்கிறாய். வடக்கே ஒரு கதவு’ என்று வரும். வடக்கே போகிறேன் என்று அடித்தால் அடுத்த அறை வரும். அந்தக் குகையிலும் காட்டிலும் எங்கெங்கோ ஊர்களில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு வேஷத்தில் திரிந்தார்கள். தவசிமுத்து ஓரின் என்ற வைத்தியரானார். காயம்பட்டவர்களைக் குணப்படுத்துவது அந்த வேஷத்தின் வேலை.

முதலில் தனியாகத்தான் ஆடினார். வைத்தியன் தனியாகப் போனால் எலிகூடக் கடித்துக் கொல்லும். செத்துச் செத்துப் பிழைத்தார். பிறகு நார்வேக்காரர் மார்டன் என்பவர் நடத்திய ஐந்து பேர் குழுவில் இடம் கிடைத்தது. அதில் பிராம் என்றொரு கோடாலி வீரன் இருந்தான். யோசிக்காமல் முன்னே பாய்வான். அவனைப் பிழைக்க வைப்பதே ஓரினுக்குப் பாடு. “முட்டாளே, பின்னால் வா!” என்று தவசிமுத்து இங்கிலீஷில் அடிப்பார். “உன் களிம்பைச் சீக்கிரம் எடு, கிழவா!” என்று பதில் வரும். வாழ்க்கையில் யாரையும் அவர் முட்டாள் என்று சொன்னதில்லை. அவரையும் யாரும் கிழவா என்றதில்லை. இரண்டுமே அவருக்குப் பிடித்திருந்தன.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. லைன் அறுந்தால் ஓரின் நின்ற இடத்திலேயே கல்லாகிவிடுவான். கல்லை எந்தப் பூதமும் தொடாது. ஆனால் மறுபடி தொடர்பு கிடைத்து உள்ளே போவதற்குள் கூட நிற்பவர்களுக்கு என்னவும் நடக்கலாம்.

மறு வருஷம் ஒரு மே மாதச் சாயங்காலம், குழு குகை ராணி என்ற பெரிய பூதத்தை எதிர்த்து நின்றது. வாரக்கணக்கில் ஏற்பாடு செய்த சண்டை. பாதியில் வெளியே காற்று அடித்தது, போன் செத்தது. மறுநாள் உள்ளே போனபோது மார்டனும் மற்ற இருவரும் கோபமாகக் காத்திருந்தார்கள். முந்தின நாள் சண்டையில் மூன்று பேருடைய வேஷங்களும் செத்துப்போயிருந்தன.

“ஓரின் கல்லானான். அதே நொடியில் பிராமும் கல்லானான்” என்று மார்டன் எழுதினார். “இது முதல் தடவையும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் எப்போதும் ஒன்றாகத்தான் விழுகிறீர்கள். இனிமேல் இரண்டு பேரையும் ஒரே சண்டையில் சேர்க்கமாட்டேன்.”

எல்லோரும் கலைந்த பிறகு தவசிமுத்து பிராமைத் தனியாகக் கேட்டார். “உனக்கு என்ன ஆச்சு?”

“காற்று. புளியமரம் விழுந்து டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது” என்று பதில் வந்தது.

புளியமரம் என்ற சொல்லைப் பார்த்ததும் தவசிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாளும் பிராமை அமெரிக்காக்காரன் என்றே நினைத்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டார்.

“தென்னிந்தியாவில் ஒரு சின்னக் கோயில் ஊர். உனக்குத் தெரியாது.”

இரண்டு லைனும் எப்போதும் ஒன்றாகவே அறுந்தால், ஒரே கம்பி வழியாகப் போகும் பக்கத்து ஊராகத்தான் இருக்கும் என்று தவசிமுத்துக்குத் தோன்றியது. இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை அடித்தார். “ஆண்டாள் கோயிலா?”

திரை அப்படியே நின்றது. லைன் போய்விட்டதோ என்று மோடத்தின் விளக்கைப் பார்த்தார். எரிந்துகொண்டுதான் இருந்தது.

“யா அல்லா. நீங்க எங்க இருந்து பேசுதீக?”

“ராஜபாளையம்.”

“அடப்பாவமே. பஸ் ஏறுனா அரை மணி நேரம்.”

“அண்ணாச்சி பேரு என்ன?”

“நசீமா” என்று வந்தது.

தவசிமுத்து கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். நாலு மாசமாக அந்தப் பெண்ணை முட்டாளே, மடையா என்றெல்லாம் திட்டியிருக்கிறார். ஒரு மன்னிப்பை அடித்தார், அழித்தார். கடைசியில், “நேரமாகுது. வாரேன்” என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்தார்.

வீட்டில் மனைவி அழகுத்தாயிடம் சொன்னார். அந்தக் குழுவின் கதையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவர் வாய்விட்டுப் பேசும் விஷயமே அது ஒன்றுதான்.

“அந்தக் கோடாலிக்காரன் பொம்பளையா?” என்று சிரித்தாள். “ஏங்க, நாம ஒரு நடை போயிப் பாத்துட்டு வருவமா?”

“பாத்து என்னட்டி பேச?”

“நீங்க பேச வேண்டாம். நான் பேசுதேன்.”

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸுமாக இருந்த கடையில், காதர் என்பவர் புதிதாக இரண்டு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். அவர் மனைவிதான் நசீமா. முப்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான பெண். ஆள் வராத நேரங்களில் மிஷின் சும்மா கிடக்கிறதே என்று ஆட உட்கார்ந்தவள்.

“வாங்க வாங்க, வைத்தியரே!” என்று காதர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “இவ சாகும்போதெல்லாம் ஒங்களத்தான் ஏசுவா.”

தவசிமுத்து புன்னகைத்தார். நசீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “நல்லா இருக்கீகளா அண்ணே?” என்றாள். இருக்கிறேன் என்றார். வெயில் அதிகம் என்றாள். ஆமாம் என்றார். டீ வந்தது. அதற்கு மேல் இருவருக்கும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அழகுத்தாயும் நசீமாவும்தான், எந்த ஜவுளிக்கடையில் சாயம் போகாது என்பதில் தொடங்கி, அவரவர் நாத்தனார் வரைக்கும் பேசித் தீர்த்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் தவசிமுத்துக்கு எதையோ தொலைத்த மாதிரி இருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் முதல் ஆட்டம் கெட்டது. மார்டன் இருவரையும் ஒன்றாகச் சேர்க்காததால் இவர்கள் இருவர் மட்டுமே தனியாகப் போனார்கள். நசீமா பாய்வாள். ‘முட்டாளே’ என்று அடிக்க விரல் போகும், நின்றுவிடும். ‘தயவுசெய்து பின்னால் வரவும்’ என்று ஆபீஸ் கடிதம் மாதிரி அவர் எழுதி முடிப்பதற்குள் பிராம் விழுந்துவிடுவான்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நசீமா தமிழில் எழுதினாள். “அண்ணே, ஒங்க மரியாதையால நான் செத்துக்கிட்டே இருக்கேன். எம்புட்டு நாளைக்கு இப்படி?”

“கூச்சமா இருக்கும்மா.”

“அண்ணன் தங்கச்சி எல்லாம் எங்க கடையோட இருக்கட்டும். இங்க நான் பிராம். இனிமே இதுக்குள்ள தமிழ் வேண்டாம். சரியா, கிழவா?”

கடைசி வார்த்தையை மட்டும் அவள் இங்கிலீஷில் அடித்திருந்தாள்.  தவசிமுத்து, “சரி, முட்டாளே” என்று அதே பாஷையில் பதில் அடித்தார்.

அதன் பிறகுதான் அவர்கள் நன்றாக ஆடினார்கள். லைன் அறுந்தால் இருவரும் சேர்ந்தே கல்லானார்கள். காப்பாற்றப்படாமல் சாவதற்கு மூன்றாவது ஆள் யாரும் இல்லை. தைரியமாக எங்கும் போனார்கள். செப்டம்பரில், ஐந்து பேரால் முடியாத குகை ராணியை இருவராகவே அடித்து வீழ்த்தினார்கள். மூன்று வாரமாகத் தோற்றுத் தோற்று, அவள் எந்த இடத்தில் திரும்புவாள் என்று கண்டுகொண்டதால் முடிந்தது. மார்டன் பாராட்டி, இருவரையும் திரும்பக் குழுவுக்குக் கூப்பிட்டார். “யோசித்துச் சொல்கிறேன்” என்று தவசிமுத்து எழுதினார். அவர்கள் போகவில்லை.

டிசம்பரில் நசீமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டாள். பிராம் ஒரு சத்திரத்து வாசலில் நின்றபடியே இருந்தான். தவசிமுத்து தனியாகச் சில நாள் போனார். புதிதாக வந்து செத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காயம் ஆற்றினார். பிறகு அவருக்கும் நாட்டம் குறைந்தது. சாயங்காலம் நேரத்தோடு வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அழகுத்தாய் ஆச்சரியப்பட்டாள்.

குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று காதர் தவசிமுத்துவையும் அழகுத்தாயையும் கூப்பிட்டிருந்தார். தவசிமுத்து ஒரு மூலையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். காதரின் பெரியப்பா அவரைக் காட்டி, “இவிய யாரு? நமக்கு எப்படிப் பழக்கம்?” என்று கேட்டார்.

குழந்தையோடு அந்தப் பக்கம் வந்த நசீமா தவசிமுத்துவைப் பார்த்தாள். தவசிமுத்து இலையைப் பார்த்தார்.

“வியாபாரப் பழக்கந்தான் பெரியத்தா” என்று சொல்லிவிட்டு, காதர் அவருக்கு இன்னொரு கரண்டி வைத்தார்.