அப்பாவிடம் கேட்டு வாங்கிய கார்

எங்கள் வீட்டில் பெரிய முடிவுகளை எடுக்கிறவர் வீட்டில் இருக்கவே மாட்டார். அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் முக்கால்வாசி கடலில் இருப்பார். மிச்ச நாள் வீட்டில், அதிலும் பாதி தூக்கத்தில். ஆனாலும் கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறவர்கள், சீட்டு சேரச் சொல்லி வரும் பக்கத்துத் தெரு அக்கா, கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள ஆரத்தை இரவல் கேட்கும் சித்தி என எல்லோருக்கும் அம்மா சொல்லும் பதில் ஒன்றுதான்.

"அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்."

முத்தையாபுரத்தில் நாங்கள் இருந்த தெருவில் கப்பல்காரர்கள் வீடுகள் நிறைய. அதனால் இந்தப் பதிலை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அம்மா எப்போது கேட்டாள், அப்பா என்ன சொன்னார் என்பதை மட்டும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் மறுநாள் பதில் தயாராக இருக்கும், பெரும்பாலும் 'வேண்டாமாம்' என்று. இதனால் அப்பாவுக்கு ஊரில் கருமி என்று ஒரு பெயர் உண்டு. விடுமுறைக்கு வரும்போது தெருவுக்கே சாக்லேட்டும் சென்ட்டும் அள்ளிக் கொடுக்கிற தனக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அப்பா கடைசிவரை குழம்பினார்.

எனக்கு அப்போது பத்து வயது. வீசிங் உண்டு. முந்தின மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஆட்டோக்காரர் வர மாட்டேன் என்றுவிட்டார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்க் கையைக் காட்டினாள். ஓர் உப்பு லாரி நின்றது. அந்த உயரத்தில் உட்கார்ந்து, துடைப்பான் கண்ணாடியில் தண்ணீரைத் தள்ளித் தள்ளி விடுவதைப் பார்த்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிவரை போனதுதான் எனக்கு நினைவிருக்கிறது. லாரியில் போனதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பெருமையடித்தேன்.

அதற்கு அடுத்த மாதம் அம்மா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கார் வாங்கலாமா என்று போனில் அப்பாவிடம் கேட்டபோது, "லீவுல வந்து பாப்போம்" என்றார் அப்பா. லீவு அடுத்த மழை முடிந்த பிறகுதான். அம்மா "சரி" என்றாள். போனை வைத்தாள். பிறகு மாமாவை வரச்சொன்னாள்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கிற ஆபீஸில் வேலை. பேரம் பேசுவதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவருடைய எண்ணம். கடன் வாங்கி வாங்கினால் தாள்களில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். கையிலிருக்கும் பணத்துக்குள் வாங்கினால் அம்மா கையெழுத்தே போதும். ஆனால் கையிலிருந்ததற்கும் காரின் விலைக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி பேச்சில் அடைபட்டால் மழைக்கு முன்னால் கார் வரும். இல்லையென்றால் வராது.

"யக்கா, ஒண்ணும் கவலப்படாத. ஊரு பூராவும் ஒரு பதில் சொல்லுவியே, அதையே அங்கனயும் சொல்லு" என்றார் மாமா. "நான் கர்ச்சீப்ப எடுத்து மூஞ்சியத் தொடச்சா, மச்சான்கிட்ட கேக்கணும்னு எந்திரிச்சி வெளிய போ. போன காதுல வச்சி ஏதாவது பேசு. திரும்பி வரும்போது மூஞ்சியத் தொங்கப்போட்டு வா. அவன் எறங்கி வந்துருவான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏளா, நீ அங்கன வந்து ஐ, கார் நல்லாருக்குன்னு பல்லக் காட்டக் கூடாது. மூஞ்சிய கருவாடு மாதிரி வச்சிக்கணும்."

இது தந்திரம் என்பது எனக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். சுவரில் ஒட்டியிருந்த உலகப் படத்தில் அப்பாவின் கப்பல் இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவது என் வேலை. அன்றைக்குப் பொட்டு, கரை எதுவும் பக்கத்தில் இல்லாத வெறும் நீலத்தில் இருந்தது. அங்கே போன் எடுக்காது.

கார் ஷோரூம் பாளையங்கோட்டை ரோட்டில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் புது ரப்பர் வாசனை. நான் கருவாடாக நின்றேன். டை கட்டிய ஓர் இளைஞர் எங்களிடம் வந்தார். குனியும்போதெல்லாம் அந்த டை மேசையிலிருந்த தண்ணீர் கிளாஸுக்குள் போகப் பார்த்தது. மாமா ஒரு கார்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன தம்பி, கதவு தகர டப்பா மாதிரி கேக்கு?"

"அண்ணாச்சி, நீங்க தட்டுனது வேற ஆளு புக் பண்ணுன வண்டி. அக்கா கேட்டது இங்கன நிக்கி."

மாமா அசரவில்லை. அக்கா கேட்ட வண்டியில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். குறை கண்டுபிடிக்கத்தான் ஏறினார். ஆனால் ஏறியவர் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து மூடினார், கண்ணாடியை ஏற்றி இறக்கினார், ஹாரனை ஒருமுறை மெதுவாக அமுக்கிவிட்டு, "கப்பல் மாதிரில்லா இருக்கு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். டை இளைஞரின் முகம் மலர்ந்தது. அம்மா பின்கதவைத் திறந்தாள். பின்சீட்டை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். நான் படுக்க இடம் போதுமா என்று பார்த்தாள் என்பது இப்போது தெரிகிறது.

பேச்சு ஆரம்பித்தது. மாமா ஒரு விலை சொன்னார். இளைஞர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இளைஞர் ஒரு விலை சொன்னார். மாமா எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தார். அதற்கப்புறம் இளைஞர், "என் கையில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

மேனேஜர் என்றால் எப்படி இருப்பார் என்று பார்க்க எனக்கு ஆசை. பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குறுகிய நடை. ஒரு தண்ணீர் கேன், ஒரு கண்ணாடி, மேலே போகிற படிக்கட்டு. மேனேஜர் இல்லை. இளைஞர் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். சீப்பை எடுத்துத் தலை வாரினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். போதுமான நேரம் ஆகவில்லைபோல, இன்னொரு தடவை தலை வாரினார். அப்போது கண்ணாடியில் நான் தெரிந்தேன். திடுக்கிட்டுத் திரும்பியவர், சிரித்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

நான் சொன்னபடி கேட்கிற பிள்ளை. திரும்பி வந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்துகொண்டேன். அவரும் வந்து, "மேனேஜர் முடியாதுன்னுட்டாரு. எனக்கு ஏச்சுதான் மிச்சம்" என்றார். அவருடைய வருத்தமான முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

அப்போதுதான் மாமா கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஏசி அறையில் அவ்வளவு அழுத்தித் துடைத்தது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

"அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன்" என்று அம்மா எழுந்தாள்.

இல்லாத மேனேஜரைப் பார்த்தாகிவிட்டது. இல்லாத அப்பாவிடம் எப்படிப் பேசுவாள் என்று பார்க்க வேண்டாமா? நானும் வெளியே போனேன். வாசலில் ஒரு பூவரச மரம். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அம்மா போனைக் காதில் வைத்தாள்.

"ஹலோ, நாந்தான். ஆமா, கடையிலதான் நிக்கோம்." கொஞ்சம் இடைவெளி விட்டாள். "கொறைக்க மாட்டேங்காக." மறுபடி இடைவெளி. "நெறமா? வெள்ளைதான்."

நான் அசந்துபோனேன். அப்பா நிஜமாகவே முதலில் நிறத்தைத்தான் கேட்டிருப்பார். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதுகூட அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பிறகு அவள் ஷோரூமுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். குரல் இறங்கியது. உள்ளே இருப்பவர்களுக்கு முகமே தெரியாமல் நடித்து என்ன பிரயோஜனம் என்று நினைத்தேன். ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"போன மழையில பிள்ளைக்கு ஒதடு நீலமாப் போச்சி. ஒங்ககிட்ட சொல்லல. சொன்னா நீங்க அங்கன கெடந்து என்ன செய்வீக? தூக்கிட்டு ரோட்டுல நின்னேன். ஒரு உப்பு லாரிதான் நின்னுச்சி. அழாத தாயின்னு அந்த டிரைவரு சொன்ன பெறவுதான் நான் அழுததே எனக்குத் தெரியும்." நிறுத்தினாள். ஒரு லாரி போகும்வரை காத்திருந்தாள். "இன்னொரு மழைக்கு என்னால முடியாதுங்க. நான் வாங்கிருதேன். ஏசாதிய."

இந்த முறை இடைவெளி மிகவும் நீளமாக இருந்தது. கடைசியில் அம்மா தலையை ஆட்டினாள். "சரி. வச்சிருதேன்."

திரும்பியபோது கண்ணாடிக் கதவைப் பாதி திறந்தபடி டை இளைஞர் நின்றுகொண்டிருந்தார். கையில் அம்மாவுக்காகக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முகத்தைத் தொங்கப்போட்டு வா என்று மாமா சொன்னதை இவ்வளவு நன்றாக யாராலும் செய்திருக்க முடியாது.

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தோம். மாமா, "என்ன சொன்னாரு மச்சான்?" என்று உரக்கக் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் இளைஞர், "சார் இப்ப எங்கன இருக்காங்கக்கா?" என்றார்.

கப்பல்காரர் மனைவியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் தானாக வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் அம்மாவிடம் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். அம்மாவும் எப்போதும்போலச் சொன்னாள்.

"டர்பன் துறைமுகத்துக்குப் போறாக. இப்ப நடுக்கடல். போய்ச் சேர இன்னும் ஒரு வாரம் ஆவும். அதுவரைக்கும் போன் கெடையாது."

மாமாவின் கர்ச்சீப் பாதி வழியில் நின்றுவிட்டது. அம்மாவுக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது. காதுவரை சிவந்துபோனாள்.  கார் போச்சு என்று நினைத்தேன்.

இளைஞர் சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தார். "இருங்கக்கா. மேனேஜர்கிட்ட ஒருக்கா கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்தார்.

தலை வாரத்தான் போகிறார் என்று நானும் பின்னால் போனேன். அவர் கண்ணாடிப் பக்கமே திரும்பவில்லை. படியேறி மேலே போனார். ஒரு கதவு திறந்தது. கனத்த குரல் ஒன்று கேட்டது.

"ஒனக்கு என்ன, அவங்க சொந்தக்காரங்களா? இப்படி எறக்கி எறக்கிக் குடுத்தா கம்பெனிய நீயே நடத்துதியா?"

இவர் குரல் தாழ்வாகத்தான் வந்தது. "கப்பல்காரங்க வீடு சார். எங்க மதினியும் இப்படித்தான்..." மிச்சம் கேட்கவில்லை.

ஆக, மேனேஜர் என்று ஒருவர் உண்டு! முதல் தடவை ஏன் அவரிடம் போகவில்லை, பொய் பிடிபட்ட பிறகு ஏன் போனார் என்று எனக்கு ஒரே யோசனை. இளைஞர் இறங்கி வந்தபோது என்னைப் பார்த்தார். இம்முறை உதட்டில் விரல் வைக்கவில்லை. டையை மட்டும் நேராக்கிக்கொண்டார்.

இடைவெளி அடைபட்டது. மாமாவுக்கு உயிர் வந்தது. "கால் வைக்க மேட்டு?" என்றார். "போட்டுத் தாரேன் அண்ணாச்சி." "சீட் கவரு?" "ஏல, சும்மா இரி" என்று அம்மா அதட்டினாள். இன்றுவரை அந்தக் கார் தன்னுடைய திட்டத்தால் வந்தது என்றுதான் மாமா சொல்கிறார்.

அந்த இளைஞரைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஒருவேளை அது மாதக் கடைசியாக இருந்திருக்கலாம். அவருக்கு இன்னும் ஒரு வண்டி விற்றாக வேண்டியிருந்திருக்கலாம். ஒரு குக்கர் வாங்கிவிட்டு வந்தபிறகும் போகாத கடையைப் பற்றி யோசிக்கிறவள் நான். எதையும் ஒரே பக்கமாக நம்ப எனக்கு வருவதில்லை. என் கணவர் தோஹாவில் இருக்கிறார். இப்போதெல்லாம் நினைத்த நேரத்தில் முகம் பார்த்தே பேசலாம். போன வாரம் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. "எப்படி இருக்கா?" என்று கேட்டார். கேமராவை என் முகத்துக்கு மட்டும் திருப்பி, "நல்லாருக்கா, தூங்குதா" என்றேன்.

கார் பேசி முடித்த அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில், "நல்லா நடிச்சம்மா" என்று அம்மாவைப் பாராட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்படியா?" என்றாள்.

அடுத்த வாரம் டர்பனிலிருந்து அப்பா போன் செய்தார். நான் பொட்டைப் பிய்த்துக் கரையில் ஒட்டிவிட்டு அம்மா பக்கத்தில் வந்து நின்றேன். கார் வாங்கிவிட்டதை அம்மா சொன்னாள். அப்பா முதலில் என்ன நிறம் என்று கேட்டார். பிறகு கொஞ்சம் ஏசினார். பிறகு சிரித்தார். "எல்லாரும் சொகம். பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, நல்லாத் திங்கிறா" என்றாள் அம்மா. உப்பு லாரியைப் பற்றி எப்போது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். எனக்குப் பிடித்த பகுதி அது. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, முந்தானையை இழுத்து, "லாரிய சொல்லும்மா" என்று கிசுகிசுத்தேன். அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

சரிதான். அதைத்தான் அன்றைக்கே மரத்தடியில், அவர் காதில் விழாவிட்டாலும், அப்பாவிடம் சொல்லியாகிவிட்டதே, ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.