பிரணாலியின் இடது காதும் முனீர் கடை ஹெட்போனும்

என் தம்பி மகள் பிரணாலிக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காதில் சீழ் வரும். மழைக்காலத்தில் வரும், சளி பிடித்தால் வரும், பிறகு தானாக நிற்கும். அவள் அம்மா ரத்னமாலா, தலைக்கு ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விடுவாள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் வைத்தியம். வலது காது நன்றாகக் கேட்டதால் யாரும் அதை ஒரு நோவாக நினைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பிப் பார்ப்பாள். அது அவள் சுபாவம் என்றே இருந்துவிட்டோம்.

அவளுக்குப் போலீஸில் சேர வேண்டும். எங்கள் பல்டண் தாலுகாவில் விடிகிற நேரத்தில் கால்வாய்க் கரைக்குப் போனால் ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எல்லார் காதிலும் ஏதாவது ஒன்று செருகியிருக்கும். பாட்டுக் கேட்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். பாட்டு இல்லையாம், பாடமாம். எழுத்துப் பரீட்சைக்கான கேள்வி பதில்களை யாரோ ஒரு மாஸ்டர் பேசிப் போட்டிருக்கிறார், போனில் சும்மாவே கிடைக்கிறது. பணம் கட்டிப் படிக்க முடியாத பிள்ளைகளுக்கு அந்தக் குரல்தான் பள்ளிக்கூடம். பிரணாலி ஓடும்போது கேட்பாள், எருமை கறக்கும்போது கேட்பாள், பாக்ரி ரொட்டி தட்டும்போதும் கேட்பாள். அடுப்படியில் இருந்துகொண்டு எந்த நதி எந்த மாவட்டத்தில் என்று முணுமுணுப்பாள். நான் என் பங்குக்கு ஹரிநாமம் முணுமுணுப்பேன். "இந்த வீட்டுல ஒரு பொம்பளையும் மனுஷங்களோட பேசறதில்ல" என்று என் தம்பி வசந்த் கேலி செய்வான்.

வசந்த் பால் வண்டி ஓட்டுகிறான். கெட்டவன் இல்லை, பயந்தவன். பக்கத்துத் தாலுகாவான மாணிலிருந்து ஒரு வரன் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் மகளை உட்காரவைத்து, "நீ ஓடி ஓடி உன் செருப்பு தேயுது, நான் சாக்குச் சொல்லிச் சொல்லி என் நாக்கு தேயுது. வயசுக் கணக்குல உனக்கு இதுதான் கடைசித் தடவை. எடுத்தா போலீசு, எடுக்கலன்னா பேசாம மாண். சரியா?" என்றான்.

"சரிப்பா" என்றாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு.

அந்த ஆண்டு பண்டரிபுரம் போகிற பாலகி, அதாவது பல்லக்கு ஊர்வலம், வந்து பல்டணில் தங்கியபோது நான் அவளையும் கூட்டிப் போயிருந்தேன். வாரி என்கிற அந்தப் பாதயாத்திரைக்குப் போகிறவர்களுக்கென்று மருத்துவக் கூடாரம் போட்டிருந்தார்கள். என் கால் கொப்புளத்துக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், அங்கிருந்த டாக்டரம்மா இவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்பதைப் பார்த்துவிட்டு, விளக்கு வைத்த குழலைக் காதில் விட்டுப் பார்த்தார்.

"ஜவ்வுல ஓட்டை இருக்கு. எண்ணெய் விடறீங்களா?"

பிரணாலிதான் ஆமாம் என்றாள்.

"இனிமே ஒரு சொட்டு விடக்கூடாது. தண்ணியும் போகக்கூடாது. தோல் எடுத்து ஒட்டு வெச்சு மூடிடலாம், பெரிய ஆஸ்பத்திரியில காசில்லாம பண்ணுவாங்க. போலீசுக்கு ஓடறேங்கற, கடைசியில உடம்பு பார்ப்பாங்களே. அதுக்கு முன்னாடி ஆறணும். ஒட்டு பிடிக்கச் சில மாசம் ஆகும், அதுல கொஞ்ச நாள் ஓட்டம் கூடாது."

சீட்டு எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தீபாவளி கழிந்து ஒரு தேதி கொடுத்தார்கள். ஓட்டம் நின்றுபோகுமே என்று அழுதாள், ஆனாலும் போவதென்று முடிவு செய்தாள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

காதுக்குள் ரப்பர் மூக்கை அழுத்திச் செருகுகிற ஹெட்போன்தான் அப்போது வைத்திருந்தாள். வேர்வையும் ரப்பருமாக இடது காது வெந்து, வாடை வர ஆரம்பித்தது. "இத மாத்தித் தொலைடி, பக்கத்துல உக்காந்து சாப்பிட முடியல" என்று ரத்னமாலா திட்டினாள். அதனால் நானும் அவளும் பேருந்து ஏறிப் பல்டணில் முனீர் தாம்போளியின் செல்போன் கடைக்குப் போனோம்.

முனீர் வாயாடி. ஆனால் ஏமாற்ற மாட்டான். முதலில் ஒயர் வைத்ததைக் கொடுத்தான். விலை குறைவு. கடை வாசலில் அவள் நின்ற இடத்திலேயே குதித்துப் பார்த்தாள், இரண்டும் கழன்று விழுந்தன. காதை முழுக்க மூடுகிற பெரியதைக் கொடுத்தான். "இதப் போட்டுக்கிட்டு ஓடினா விமானம் ஓட்டற மாதிரி இருப்ப" என்று அவனே சிரித்தான். காதைச் சுற்றி அனலாக இருக்கிறது என்று கழற்றினாள். கழுத்துப்பட்டை போல மாட்டிக்கொள்வதைக் காட்டினான். அதிலும் அதே ரப்பர்.

"உள்ள எதுவுமே போகக்கூடாது அண்ணே. ஓடறப்ப விழக்கூடாது. நாள் பூராவும் சார்ஜ் நிக்கணும். விலையும் கம்மியா இருக்கணும்."

"இப்படி மாப்பிள்ளை தேடினா கடைசி வரைக்கும் கல்யாணம் ஆகாது தங்கச்சி" என்றவன், கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். பின்கழுத்தைச் சுற்றிவரும் கம்பி, இரண்டு முனையிலும் பொத்தான் மாதிரி ஒன்று. காதுக்குள் போகாது, காதுக்கு முன்னால் கன்னத்து எலும்பில் உட்காரும். "ஒரு வாத்தியார் வாங்கினார். சத்தம் பத்தலன்னு திருப்பிக் குடுத்துட்டார். பாதி விலைக்குத் தரேன். இதுல டூப்ளிகேட் நெறைய வருது." என்னிடம் திரும்பினான். "மாவ்ஷி, அவ காதை ரெண்டு விரலால நல்லா அடைங்க. அடைச்ச பிறகும் கேட்டா அசல்."

நான் அவள் இரண்டு காதையும் விரல் வைத்து அடைத்தேன். முனீர் அபங்கப் பாட்டு ஒன்றைப் போட்டான், எனக்காக. பிரணாலியின் முகம் மாறிவிட்டது. கண் நிறைந்து வழிந்தது.

"என்னடி?"

"அத்தை, இந்தப் பக்கம் கேக்குது. இடது பக்கம். வலதை விட இதுலதான் ஜோராக் கேக்குது."

முனீருக்கே மெய் சிலிர்த்துவிட்டது. "எல்லாரும் சத்தம் கம்மின்னு குறை சொன்ன சாமான் இது!" என்றான். அவன் பங்குக்கு அவன் அல்லாவைச் சொன்னான், நான் பண்டரிபுரத்து விட்டோபாவைச் சொன்னேன்.

வீட்டில் அதற்குமேல் ஒருவர் பேச்சும் எடுபடவில்லை. ரத்னமாலா மகளின் இடது காதைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். "நான் விட்ட எண்ணெய் வீணாப் போகலடி! அந்த டாக்டரம்மா என்ன சொல்லுச்சு? ஓட்டையாம்! ஓட்டைக் காதுல எப்படிக் கேக்கும்?" என்றாள். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கேட்காத காது இப்போது கேட்கிறது, அப்படியென்றால் காது திறந்துவிட்டது. ரப்பர் போனதால் சீழும் நின்றிருந்தது. கார்த்திகை ஏகாதசிக்குப் பண்டரிபுரம் போய் விட்டோபாவின் பாதத்தில் தலை வைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தோம். திரும்பி வரும் வழியில் பிரணாலி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தேதி வேண்டாம், குணமாகிவிட்டது என்று சொன்னாள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் சரி என்று வைத்துவிட்டார்கள்.

அதன்பிறகு அந்த ஹெட்போன் அவள் தலையை விட்டு இறங்கவில்லை. அது காதை மூடாததால் எருமை கத்துவதும் கேட்டது, பாடமும் கேட்டது. ஓட்டத்தில் முதல் வரிசையில் வந்தாள், குண்டு எறிதலில் தேறினாள், எழுத்துப் பரீட்சையிலும் தேறிவிட்டாள். பட்டியலில் பெயர் வந்த அன்று வசந்த் பால் வண்டியை ஊர் நடுவில் நிறுத்தி ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தான். பையன்கள் பேருந்து நிறுத்தத்தில் பெரிய பேனர் கட்டினார்கள். வேறு யாரோ ஒரு போலீஸ்காரியின் உடம்பில் இவள் தலையை ஒட்டி, காக்கிச் சட்டையோடு சல்யூட் அடிக்கிற மாதிரி. கீழே வாழ்த்துகிறவர்களின் முகங்கள் வரிசையாக, அவள் முகத்தை விடப் பெரிதாக.

"இன்னும் உடம்பு பரிசோதனை பாக்கி இருக்கு, அதுக்குள்ள எதுக்கு?" என்று அவள் கூச்சப்பட்டாள்.

"மாடு மாதிரி ஓடற, உனக்கு என்ன பரிசோதனை?" என்றான் வசந்த்.

பரிசோதனைக்கு நான்தான் துணைக்குப் போனேன். வரிசையில் பெண்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். உயரம், எடை, கண், பல் எல்லாம் ஆயிற்று. காது டாக்டர் வயசானவர், பொறுமையாகப் பேசினார். கதவு திறந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. அவளுடைய வலது காதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பின்னால் நின்று மெதுவாக ஒரு சொல் சொன்னார். அவள் சும்மா நின்றாள். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அவர் இனிமேல்தான் சொல்லப்போகிறார் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். அது வாசலில் இருந்த எனக்கே கேட்டது. "மாம்பழம்" என்றுதான் சொன்னார்.

பிறகு விளக்குக் குழலை விட்டுப் பார்த்தார்.

"ஓட்டை பெருசா இருக்கே அம்மா. வைத்தியம் எதுவும் பார்க்கலையா?"

"அது சரியாயிடுச்சு சார். எனக்குக் கேக்குது. இருங்க, காட்டறேன்." ஓடிவந்து என் பையிலிருந்து ஹெட்போனை எடுத்துப் போனாள். மாட்டிக்கொண்டு, தன் விரலாலேயே காதுகளை அடைத்துக்கொண்டு, "பாருங்க சார், இடது பக்கம்தான் நல்லாக் கேக்குது" என்றாள். பின்னால் இருந்த பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது காது வழியாப் போகாதம்மா. எலும்பு வழியா உள்ள போகுது. உள் நரம்பு உனக்கு நல்லா இருக்கு. வெளிச் சத்தம் ஓட்டைக் காதுல சரியாப் போகாததால இது அந்தப் பக்கம் இன்னும் தூக்கலாக் கேக்கும். தூக்கலாக் கேக்குதுங்கறதே ஓட்டை இருக்குன்னு அர்த்தம்." என்னைப் பார்த்தார். "நாலஞ்சு மாசம் முன்னாடி ஒட்டு வெச்சிருந்தா இன்னிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்."

அவள் அவர் காலைத் தொட்டாள். அவர் நகர்ந்துகொண்டார், "எழுந்திரும்மா, எழுந்திரு" என்றார். மறுபரிசோதனை கேட்டு மனு கொடுத்தோம், கிடைத்தது. ஆனால் அதற்குள் ஒட்டு வைத்து ஆற வழியில்லை. மறுபடியும் அதே ஓட்டையைத்தான் வேறு ஒருவர் பார்த்தார்.

பேனரை வசந்த் தானே போய் அவிழ்த்தான். பகலில், எல்லோரும் பார்க்க. அதைச் சுருட்டிப் பால் வண்டியில் போட்டுக்கொண்டு வந்து எருமைத் தீவன மூட்டைகளுக்கு மேலே மூடிவிட்டான், மழைக்கு. காரணம் கேட்டவர்களிடம் "உயரம் ஒரு விரற்கடை பத்தலையாம்" என்று சொன்னான். ரத்னமாலா அதையே சொன்னாள். நானும் அதையே சொன்னேன். காது என்று சொன்னால் மாண்காரர்கள் பின்வாங்கிவிடுவார்களே.

அவர்கள் பின்வாங்கவில்லை. வெயில் காலத்தில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வைக்கோல் வியாபாரம், அமைதியானவன். மாமியார் தேவ்காபாய் அமைதியானவள் இல்லை.

இந்த ஆடியில் நான் மாணுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிரணாலி கொல்லையில் சோளத்தட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டம் நின்றதில் உடம்பு கனத்திருந்தது. காதருகில் போனபோது அந்தப் பழைய வாடை அடித்தது.

"ஆஸ்பத்திரியில மறுபடி தேதி கேக்கலாம்டி. காசில்லாமத்தானே பண்றாங்க."

"எப்படி அத்தை? ஆபரேஷன்னா இவங்களுக்குச் சொல்லணும். சொன்னா, தெரிஞ்சே தலையில கட்டிட்டீங்களான்னு அப்பாவ நாலு பேர் முன்னாடி நிக்க வெப்பாங்க." அரிவாளைக் கீழே வைத்தாள். "நீங்களும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க."

"எத்தன நாளைக்குடி மறைப்ப?"

"அவங்களுக்கு நான் திமிர் பிடிச்சவன்னு ஒரு நெனப்பு இருக்கு. அது போதும். அப்படியே இருக்கட்டும்."

என் கழுத்திலிருந்த துளசி மணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விட்டோபாவை ஒரு வார்த்தையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் டாக்டரம்மாவை அனுப்பித்தான் இருந்தான்.

அப்போது அவளுக்கு இடது பக்கமிருந்த வாசலிலிருந்து தேவ்காபாய் கூப்பிட்டாள். இவள் திரும்பவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டாள். "பேனர்ல ஏறினவ, எறங்க மாட்டா. மகாராணிக்குக் காது கேக்காது!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறமாதிரி கத்தினாள்.

நான் பிரணாலியின் வலது கையைத் தொட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். தட்டைக் கட்டைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போனாள்.