திபேசிக்வாவின் கனைப்பு

“இருமல், சளி ஏதும் இருக்கா அண்ணா?” என்று கேட்டேன். காட்டுக்குள் போகிறவர்களிடம் தினமும் காலையில் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை.

“எனக்கா? உன் பேனாவுக்குத்தான் சளி, ஒழுகுது பாரு,” என்றார் திபேசிக்வா.

சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்று எழுதினேன்.

பதினெட்டு வருடமாக அவர் புவிண்டி காட்டில் கொரில்லாக்களின் தடம் தேடிப் பயணிகளை அழைத்துப்போகிறார். அங்குள்ள ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒருநாள் பார்க்காவிட்டாலும் அவருக்குச் சோறு இறங்காது. நெருங்கும்போது ‘நான்தான்’ என்று தொண்டையைக் கனைப்பார். அவையும் பதிலுக்குக் கனைக்கும். அன்று பயணிகளை விட்டு முன்னே போனபோது அந்தக் கனைப்பே இருமலாக வெடித்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குட்டி உட்கார்ந்திருந்தது.

மனிதச் சளி அவற்றைக் கொன்றுவிடும். பன்னிரண்டாம் நாள் குட்டி செத்தது. அந்தச் சளிதான் காரணமா என்று மருத்துவராலேயே சொல்ல முடியவில்லை. தாய் மூன்று நாள் அதைக் கீழே வைக்கவில்லை.

நான்காம் நாள் திபேசிக்வா என் மேசைமுன் நின்று அன்று இருமியதைச் சொன்னார்.

“யாருக்கும் தெரியாதே அண்ணா. வேலை போயிடும்.”

“போகட்டும். அந்த ‘இல்லை’யை அடிச்சிட்டு, ‘இருந்துச்சு, மறைச்சிட்டான்’னு எழுதும்மா. என் பேரையும் போடு.”